மலையிலிருந்து கிளவுடில் ஒரு பேர் மெட்டல் கிளஸ்டர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோத்தகிரியில் இருந்து வேலை செய்கிறேன். நான் அமைத்துக் கொடுக்கும் குபர்னெட்டிஸ் கிளஸ்டர்களில் (பல மெஷின்களைச் சேர்த்து ஒன்றாக நடத்தும் கூட்டங்கள்) பாதிக்கு மேல் தேயிலைத் தொழிற்சாலைகளில் ஓடுகின்றன. கொழுந்து எடை போடும் கணக்கு, வாட்டும் தொட்டிகளின் வெப்பநிலை, விவசாயிக்குப் போகும் பணக் கணக்கு எல்லாம் ஆபீஸ் அறையின் ஓரத்தில் நிற்கும் மூன்று சர்வர்களில். அங்கே ஒரு தவறு நடந்தால் பனிமூட்டத்தில் வண்டி ஓட்டிக்கொண்டு மஞ்சூர் வரை போக வேண்டும். அதனால் எதையும் முதலில் கிளவுடில் கட்டி, உடைத்துப் பார்த்த பிறகுதான் இரும்பில் கை வைக்கிறேன். குன்னூர், ஊட்டி, கூடலூரில் இதே வேலையில் இறங்கியிருக்கும் தம்பி தங்கைகள் கேட்பவை திரும்பத் திரும்ப ஒன்றாகவே இருக்கின்றன, இங்கே எழுதி வைக்கிறேன். பாட் (ஒன்றாக ஓடும் கன்டெய்னர்கள்), நோடு (கிளஸ்டரில் உள்ள ஒரு மெஷின்), சர்வீஸ் (பாட்களை அணுகும் நிலையான முகவரி) என்றால் என்ன என்று ஓரளவு தெரிந்தவர்களுக்கு இது.

அண்ணா, பேர் மெட்டல் என்றால் கையால் தொடக்கூடிய சர்வர். அதைக் கிளவுடில் எப்படிச் சோதிப்பது? பெயரிலேயே முரண் இருக்கிறதே?

பேர் மெட்டல் என்றால் நடுவில் ஹைப்பர்வைசர் (ஒரு சர்வரைப் பல மெஷின்களாகப் பிரித்துக் காட்டும் மென்பொருள்) இல்லாமல், லினக்ஸ் நேராகச் சர்வரின் மேலேயே ஓடுவது. அதில் நம்மைப் படுத்துவது இரும்பு மட்டும் அல்ல, கிளவுட் இலவசமாகக் கொடுத்துப் பழக்கிவிட்ட வசதிகள் எதுவும் அங்கே கிடையாது என்பதும்தான். லோட் பேலன்சர் (வரும் போக்குவரத்தைப் பல மெஷின்களுக்குப் பிரித்து அனுப்புவது) கேட்டால் வராது. டிஸ்க் கேட்டால் வராது. ஒரு நோடு செத்தால் இன்னொன்று தானாக முளைக்காது. இந்த இல்லாமையைக் கிளவுடிலும் அப்படியே உண்டாக்கலாம், மெஷினை மட்டும் வாடகைக்கு எடுத்துக்கொண்டு கிளவுட் நிறுவனத்தின் தயார் குபர்னெட்டிஸ், தயார் லோட் பேலன்சர், தயார் டேட்டாபேஸ் எதையும் தொடாமல் இருந்தால் போதும். தொழிற்சாலையில் இல்லாத ஒன்று சோதனையிலும் இருக்கக் கூடாது என்ற ஒரே கட்டுப்பாட்டில்தான் கீழே வரும் எல்லாப் பதில்களும் நிற்கின்றன.

லேப்டாப்பிலேயே குட்டிக் கிளஸ்டர் ஓட்டக் கைண்ட், மினிகியூப் எல்லாம் இருக்கிறதே, அது போதாதா?

அப்ளிகேஷன் எழுதிப் பார்க்கப் போதும், நானும் தினமும் கைண்ட் வைத்துதான் வேலை செய்கிறேன். ஆனால் கைண்டில் நோடு என்பதே ஒரு கன்டெய்னர். எல்லா நோடுகளும் ஒரே கெர்னல், ஒரே டிஸ்க், ஒரே கடிகாரம். ஒரு நோடின் கரண்ட் போனால் மற்ற இரண்டும் என்ன செய்கின்றன, சுவிட்சில் பாக்கெட் எங்கே தொலைகிறது என்பதெல்லாம் அதில் தெரியாது.

நிஜமான மெட்டல் மெஷினையே வாடகைக்கு எடுக்கலாமா, விஎம் (மென்பொருளால் உண்டாக்கிய மெஷின்) எடுத்துச் சமாளிக்கலாமா?

மூன்று வழி இருக்கிறது.

ஏடபிள்யூஎஸ், ஆரக்கிள், ஹெட்ஸ்னர், ஓவிஎச் எல்லாரிடமும் முழு மெஷின் கிடைக்கும். ஆனால் ஏடபிள்யூஎஸ்-இன் எம்5 டாட் மெட்டல் மாதிரி ஒன்றில் 96 விசிபியூவும் 384 ஜிபி நினைவகமும் இருக்கும். தொழிற்சாலையில் வைக்கப்போகும் மெஷின் அதில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. அப்படி மூன்று எடுத்தால் வாடகை கண்ணைக் கட்டும், ஆன் ஆவதற்கும் சில நிமிடங்கள் பிடிக்கும். இந்த விஷயத்தில் பழைய சிபாரிசுகளைப் பார்த்துவிட்டு ஈக்வினிக்ஸ் மெட்டலைத் தேடி வருபவர்கள் உண்டு. 2026 ஜூன் 30-உடன் அந்தச் சேவையை நிறுத்துவதாக அவர்களே 2024-இல் அறிவித்துவிட்டார்கள், அதை நம்பித் திட்டம் போட வேண்டாம்.

இரண்டாவது வழி, சாதாரண விஎம் ஐந்தாறு எடுத்து அவற்றை நிஜ சர்வர் என்றே பாவித்து நடத்துவது. பத்தில் எட்டு முறை நான் இதைத்தான் செய்கிறேன்.

மூன்றாவது வழியை நிறையப் பேர் யோசிப்பதில்லை: ஒரே ஒரு மெட்டல் மெஷின், அல்லது நெஸ்டட் விர்ச்சுவலைசேஷனை (விஎம்-க்குள் விஎம்) அனுமதிக்கும் ஒரு பெரிய விஎம் (கூகுள் கிளவுடில் இது உண்டு), அதன் உள்ளே கேவிஎம் (லினக்ஸின் ஹைப்பர்வைசர்) போட்டு, லினக்ஸ் பிரிட்ஜ் (மென்பொருள் சுவிட்ச்) ஒன்றில் ஆறு குட்டி மெஷின்களைத் தொங்கவிடுவது. அந்தப் பிரிட்ஜ் உண்மையான சுவிட்ச் மாதிரியே நடந்துகொள்ளும், பிராட்காஸ்ட் போகும், டிஎச்சிபி (ஐபி முகவரி தானாகக் கொடுப்பது) ஓடும். நெட்வொர்க் வழியாக ஓஎஸ் ஏற்றுவதைச் சோதிக்க வேண்டும் என்றால் இதுதான் வழி.

எத்தனை மெஷின், எவ்வளவு பெரியது?

கன்ட்ரோல் பிளேனுக்கு (கிளஸ்டரை ஆட்டுவிக்கும் பகுதி) மூன்று, வேலைக்கு இரண்டு, நிர்வாகத்துக்கு ஒன்று. கிளஸ்டரை நிறுவும் கருவியான கியூப்-ஏடிஎம் கேட்பது குறைந்தது 2 ஜிபி நினைவகம், 2 சிபியூ. அதில் ஏறும், ஆனால் மூச்சு வாங்கும். நான் நோடுக்கு 4 சிபியூ, 8 ஜிபி வைத்துக்கொள்கிறேன். மூன்று ஏன் என்றால், கிளஸ்டரின் நினைவு முழுவதையும் வைத்திருக்கும் எட்சிடியில் பெரும்பான்மை உயிரோடு இருந்தால்தான் வேலை நடக்கும். மூன்றில் ஒன்று போகலாம், ஐந்தில் இரண்டு போகலாம். நான்கு வைத்தாலும் ஒன்றுதான் போகலாம், அதனால் நான்காவதுக்குச் செலவு செய்யாதீர்கள்.

மூன்று விஎம்-க்கும் பொதுவாக ஒரு விஐபி (நோடு விட்டு நோடு மாறக்கூடிய ஐபி) முகவரி வைத்தேன். ஒரு நோடில் இருந்து பார்த்தால் பதில் வருகிறது, மற்றதில் இருந்து வருவதே இல்லை. என்ன தப்பு?

உங்கள் தப்பு ஒன்றும் இல்லை. இந்த வேலையில் எல்லோரும் முதலில் முட்டிக்கொள்ளும் சுவர் இது, கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

தொழிற்சாலையில் மூன்று சர்வரும் ஒரே சுவிட்சில் செருகப்பட்டிருக்கும். கீப்அலைவ்டு அல்லது கியூப்-விஐபி என்ற மென்பொருள், ஒரு நோடு செத்தவுடன் அந்தப் பொது முகவரியை இன்னொரு நோடுக்கு எடுத்துக்கொண்டு, "இனி இந்த ஐபி என்னிடம்" என்று ஏஆர்பி (எந்த ஐபி எந்த மெஷினிடம் என்று சொல்லும் நெறிமுறை) மூலம் ஊருக்கே கூவும். சுவிட்சும் மற்ற மெஷின்களும் அதைக் கேட்டு நம்பிவிடும். கிளவுட் நெட்வொர்க்கில் இந்தக் கூவல் யார் காதிலும் விழாது. அங்கே சுவிட்ச் மாதிரித் தெரிவது சுவிட்சே இல்லை, எந்த ஐபி எந்த விஎம்-க்குச் சொந்தம் என்பதை ஒரு மென்பொருள் முன்கூட்டியே எழுதி வைத்திருக்கும், பட்டியலில் இல்லாத ஐபி-க்கு வரும் பாக்கெட்டைத் தூக்கிப் போட்டுவிடும். கீப்அலைவ்டு பேசும் விஆர்ஆர்பி நெறிமுறை இயல்பாக 224.0.0.18 என்ற மல்டிகாஸ்ட் முகவரியில் போகும், அதுவும் அங்கே போய்ச் சேராது.

இதற்கு மருந்து விஎக்ஸ்லேன், அதாவது ஒரு நெட்வொர்க்கின் பாக்கெட்டை இன்னொன்றின் பாக்கெட்டுக்குள் சுற்றி அனுப்பும் முறை. ஒவ்வொரு விஎம்-இலும் ஒரு விஎக்ஸ்லேன் இடைமுகம் உருவாக்கி, அதற்கு 10.200.0.2, 10.200.0.3 என்று தனி முகவரி கொடுங்கள். பிறகு ஒவ்வொரு நோடிலும் மற்ற எல்லா நோடுகளின் கிளவுட் ஐபி-யையும், முழுக்கச் சுழியமாக இருக்கும் மேக் (நெட்வொர்க் கார்டின்) முகவரிக்கு எதிராக, எஃப்டிபி பட்டியலில் (எந்த மேக் எங்கே இருக்கிறது என்ற பட்டியல்) சேர்த்துவிடுங்கள். இப்போது யாராவது பிராட்காஸ்ட் செய்தால் கெர்னலே அதைப் பிரதி எடுத்து ஒவ்வொரு நோடுக்கும் தனித்தனி யூடிபி பாக்கெட்டாக அனுப்பும். கிளவுட் பார்ப்பது சாதாரண யூடிபி மட்டும், உள்ளே இருப்பது அதற்குத் தெரியாது. நோடுகள் பார்ப்பதோ ஒரே சுவிட்சில் உட்கார்ந்திருப்பது போன்ற உலகம். ஃபயர்வாலில் அந்த யூடிபி போர்ட்டைத் திறக்க வேண்டும்: தரநிலை 4789, ஆனால் லினக்ஸில் நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் 8472-ஐ எடுத்துக்கொள்ளும், இரண்டையும் குழப்பிக்கொண்டு ஒரு நாள் போக்கியவர்கள் இருக்கிறார்கள்.

இரண்டு எச்சரிக்கை. கியூப்லெட்டுக்கு (ஒவ்வொரு நோடிலும் பாட்களை ஓட்டும் மென்பொருள்) நோடு ஐபி இதுதான் என்று 10.200 முகவரியைக் கையால் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் அது கிளவுட் ஐபி-யைப் பிடித்துக்கொள்ளும், கிளஸ்டர் பாதி உள்ளேயும் பாதி வெளியேயும் கிடக்கும். அடுத்து, கட்டளை அடித்து உருவாக்கிய விஎக்ஸ்லேன் ரீபூட்டில் காணாமல் போகும். நான் ஒரு முறை அதை நிரந்தரமாக எழுதி வைக்காமல் ஒரே நேரத்தில் எல்லா நோடையும் ரீபூட் செய்தேன். எட்சிடியில் மூன்றும் ஒன்றையொன்று தேடிக்கொண்டு நின்றன, காரணம் பிடிபட அரை நாள் ஆனது. சிஸ்டம்டி-நெட்வொர்க்டி கோப்பில் எழுதிவிட்டு அடுத்த வேலையைப் பாருங்கள்.

பிங் போகிறது, எஸ்எஸ்எச் போகிறது, கன்டெய்னர் இமேஜ் இழுத்தால் மட்டும் அப்படியே தொங்குகிறது.

எம்டியூ, அதாவது ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு. சின்ன பாக்கெட் போய், பெரிய பாக்கெட் மட்டும் தொலைந்தால் வேறு எதையும் சந்தேகப்படும் முன் எம்டியூவைப் பாருங்கள்.

விஎக்ஸ்லேன் ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் 50 பைட் மேலுறை போடுகிறது. கூகுள் கிளவுடில் இயல்பான எம்டியூ 1460, ஆக நம் விஎக்ஸ்லேனுக்கு மிஞ்சுவது 1410. அதன் மேலே ஃபிளானலோ காலிகோவோ பாட் நெட்வொர்க்குக்காக இன்னொரு விஎக்ஸ்லேன் போட்டால் 1360. இதில் ஏதாவது ஒரு அடுக்கு தன்னை 1500 என்று நினைத்துக்கொண்டிருந்தால் டிஎல்எஸ் கைகுலுக்கலிலேயே தொங்கிவிடும். துண்டாக்காதே என்ற கொடியுடன் பிங் அனுப்பிப் பாருங்கள், எம்டியூவில் 28 கழித்தால் வரும் அளவில், அதாவது 1410-க்கு 1382 பைட்டில், பதில் வர வேண்டும், ஒரு பைட் கூட்டினால் வரக் கூடாது.

ஏடபிள்யூஎஸ்-இல் இதற்கு நேர் எதிரான ஆபத்து. அங்கே விபிசி-க்கு (கிளவுடில் நமக்கான தனி நெட்வொர்க்) உள்ளே 9001 வரை போகும். அதனால் எல்லாம் அழகாக ஓடும், தொழிற்சாலையின் 1500 சுவிட்சில் கொண்டுபோய்ச் செருகியவுடன் நிற்கும். எனவே கிளவுட் எவ்வளவு பெரியதைக் கொடுத்தாலும் நம் விஎக்ஸ்லேன் இடைமுகத்தைச் சரியாக 1500-இல் நிறுத்துங்கள். கூகுளில் விபிசி-யின் எம்டியூவை 8896 வரை உயர்த்தலாம், உயர்த்திவிட்டு அங்கேயும் உள்ளே 1500 வையுங்கள். அப்போதுதான் சோதனையில் பார்த்த எண்ணும் அறையில் பார்க்கப்போகும் எண்ணும் ஒன்றாக இருக்கும்.

கியூப்-ஏடிஎம் தொடக்கத்திலேயே நின்றுவிடுகிறது. எதை எதைப் பார்க்க வேண்டும்?

ஸ்வாப் (டிஸ்க்கை நினைவகமாகப் பயன்படுத்துவது) ஆன் ஆகியிருந்தால் கியூப்லெட் இயல்பாகக் கிளம்பாது. கன்டெய்னர்களை ஓட்டும் கன்டெய்னர்டியின் அமைப்புக் கோப்பில் சிஸ்டம்டி சிகுரூப் என்பதை ட்ரூ ஆக்கியிருக்க வேண்டும். ஓவர்லே, பிஆர்-நெட்ஃபில்டர் என்ற கெர்னல் மாட்யூல்கள், ஐபி ஃபார்வர்டிங் எல்லாம் ஆன் ஆகியிருக்க வேண்டும். ஒரே இமேஜில் இருந்து விஎம்-களைக் குளோன் செய்திருந்தால் மெஷின் ஐடி எல்லாவற்றிலும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். நோடைச் சேர்க்கும் டோக்கன் 24 மணி நேரத்தில் காலாவதி ஆகும், நேற்று எடுத்த கட்டளையை இன்று ஒட்டினால் வேலை செய்யாது. டாக்கர் இன்ஸ்டால் செய்யச் சொல்லும் பழைய வழிகாட்டிகளை விடுங்கள், 2022-இல் வந்த 1.24 பதிப்போடு குபர்னெட்டிஸ் டாக்கருக்கான நேரடிப் பாலத்தை எடுத்துவிட்டது.

இன்னொன்று, இது கிளவுடில் தெரியவே தெரியாது: காலிகோவின் மாதிரிக் கோப்பில் பாட்களுக்கான முகவரி 192.168.0.0/16 என்று இருக்கும். பெரும்பாலான ஆபீஸ்களில் ரவுட்டர் கொடுப்பதும் 192.168 தான். கிளவுடில் மோதாது, தொழிற்சாலைக்குப் போனவுடன் பிரிண்டரும் எடை மெஷினும் பாட்களோடு மோதும். போகும் முன் அங்கே என்ன முகவரி ஓடுகிறது என்று போன் போட்டுக் கேட்டு, அதையே சோதனையிலும் வையுங்கள்.

சர்வீஸை லோட் பேலன்சர் வகையாகப் போட்டால் வெளி ஐபி "பெண்டிங்" என்றே நிற்கிறது.

நிற்கத்தான் வேண்டும், ஐபி கொடுக்க அங்கே ஆள் இல்லை. அந்த வேலையைச் செய்யும் மெட்டல்-எல்பி போடுங்கள். எல்2 (ஏஆர்பி மூலம் ஐபி-யை அறிவிக்கும்) முறையில், 10.200.0.100 முதல் 120 வரை ஒரு தொகுப்பு கொடுத்தால் போதும், மேலே சொன்ன விஎக்ஸ்லேன் இருப்பதால் அதன் ஏஆர்பி எல்லோருக்கும் கேட்கும். நிர்வாக விஎம்-ஐயும் விஎக்ஸ்லேனில் சேர்த்துவிட்டு அங்கிருந்து எஸ்எஸ்எச் சுரங்கம் வழியாக உங்கள் பிரௌசரில் திறந்து பாருங்கள். எல்2 முறையில் ஒரு ஐபி-க்கான போக்குவரத்து முழுவதும் ஒரே நோடு வழியாகத்தான் உள்ளே வரும் என்பதை மட்டும் வாடிக்கையாளரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

டிஸ்க் விஷயத்தில் என்ன கவனிக்க வேண்டும்?

எட்சிடி எழுதும் ஒவ்வொன்றையும் டிஸ்க்கில் உறுதியாகப் பதிந்த பிறகுதான் சரி என்று சொல்லும். அந்தப் பதிவு நேரம், நூற்றில் 99 முறை, 10 மில்லி வினாடிக்குள் இருக்க வேண்டும் என்பது எட்சிடியை உருவாக்கியவர்கள் சொல்லும் அளவு. எஃப்ஐஓ என்ற கருவியால் அளக்கலாம். கிளவுடில் அளந்த எண்ணை நம்பிப் பயனில்லை, தொழிற்சாலை மெஷினில் அதே சோதனையை ஓட்டி எழுதி வையுங்கள். பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க் போட்ட சர்வரை "சும்மாதானே கிடக்கிறது" என்று கொடுப்பார்கள், கன்ட்ரோல் பிளேனுக்கு வேண்டாம் என்று அன்போடு மறுத்துவிடுங்கள்.

டேட்டா சேமிப்புக்கு ரூக்-செஃப் என்றால் ஃபைல் சிஸ்டம் போடாத வெறும் டிஸ்க் தனியாக வேண்டும், லாங்ஹார்ன் என்றால் ஒவ்வொரு நோடிலும் ஓபன்-ஐஸ்கசி இருக்க வேண்டும். மூன்று நோடுக்கு எனக்கு லாங்ஹார்ன் போதுமாக இருக்கிறது.

மழைக்காலத்தில் லைன் அறுந்துவிடுகிறது. பாதி இன்ஸ்டாலில் நின்றால் என்ன செய்வது?

ஜூன், ஜூலை வந்தால் கூடலூர், பந்தலூர்ப் பக்கம், அக்டோபர் முதல் டிசம்பர் வரை எங்கள் கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம். மரம் ஒன்று சாய்ந்தால் கரண்டும் ஃபைபரும் சேர்ந்தே போகும். அதனால் லேப்டாப்பில் இருந்து நேராக எதையும் ஓட்டாதீர்கள். நிர்வாக விஎம்-இல் டீமக்ஸ் திறந்து அதற்குள் ஓட்டுங்கள், லைன் போனாலும் வேலை அங்கே நடந்துகொண்டே இருக்கும், மறுபடி வந்து ஒட்டிக்கொள்ளலாம். மெஷின்களை உருவாக்குவது டெராஃபார்ம் அல்லது ஓபன்டோஃபூ, உள்ளே அமைப்பது ஆன்சிபிள். கையால் அடித்த கட்டளை ஒன்றுகூட மிஞ்சக் கூடாது, ஏனென்றால் அதே ஆன்சிபிளைத்தான் பிறகு தொழிற்சாலை மெஷினிலும் ஓட்டப்போகிறோம்.

இமேஜ்களுக்குக் கிளஸ்டருக்கு உள்ளேயே ஒரு ரெஜிஸ்ட்ரி (இமேஜ் கிடங்கு) வையுங்கள். டாக்கர் ஹப் 2020 நவம்பரில் இருந்து பெயரில்லாமல் இழுப்பவர்களுக்கு வரம்பு வைத்திருக்கிறது, ஆறு நோடும் ஒரே நேட் (பல மெஷின்கள் பகிரும் பொது ஐபி) முகவரியில் இருந்து இழுத்தால் எல்லாம் ஒரே ஆள் கணக்கில் சேரும்.

கட்டி முடித்தாச்சு, எல்லாம் பச்சையாக இருக்கிறது. அப்புறம்?

இனிமேல்தான் சோதனையே. பச்சை விளக்கைப் பார்த்தவுடன் அழித்துவிட்டுப் போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு ஆறாது, கொடுத்த வாடகைக்குப் பலன் கிடைப்பதே இந்தக் கட்டத்தில்தான்.

ஒரு நோடைச் சிஸ்ரக்யூ (கெர்னலுக்கு நேரடிக் கட்டளை) மூலம் அப்படியே ரீபூட் செய்யுங்கள், டிஸ்க்குக்கு விடை சொல்லக்கூட நேரம் தராமல். ஷட்டவுன் கட்டளை மரியாதையானது, மின்வெட்டு அப்படி வருவதில்லை. பிறகு ஒரு நோடை முழுக்க நிறுத்திவிட்டுக் கடிகாரத்தைப் பாருங்கள். ஒரு நிமிடத்துக்குள் நோடு தயாரில்லை என்று தெரிந்துவிடும், ஆனால் அதில் இருந்த பாட்களை வேறு இடத்துக்கு மாற்ற இயல்பாக இன்னும் ஐந்து நிமிடம் காத்திருக்கும். எடை போட வரிசையில் மூட்டையோடு நிற்பவர்களுக்கு ஐந்து நிமிடம் பெரிய விஷயம், 300 வினாடி என்ற அந்த டாலரேஷனைக் குறைக்கலாமா என்பதை இங்கே முடிவு செய்யுங்கள்.

எல்லா நோடையும் ஒன்றாக வெட்டுங்கள். மலையில் உண்மையில் நடப்பது இதுதான், யூபிஎஸ் தீர்ந்தால் மூன்றும் சேர்ந்தே விழும். பிறகு ஒழுங்கில்லாத வரிசையில், இடைவெளி விட்டு ஆன் செய்யுங்கள். இன்டர்நெட்டுக்குப் போகும் பாதையை அடைத்துவிட்டு ஒரு முறை. அப்போது எந்த பாட் இமேஜ் கிடைக்காமல் நிற்கிறதோ அது உள்ளூர் ரெஜிஸ்ட்ரியில் இல்லை என்று அர்த்தம்.

கடைசியாக, நேர ஒத்திசைவை நிறுத்திவிட்டு எல்லா நோடின் கடிகாரத்தையும் 13 மாதம் முன்னே தள்ளுங்கள். கியூப்-ஏடிஎம் உண்டாக்கும் சான்றிதழ்களுக்கு ஆயுள் ஒரு வருடம். பதிப்பு உயர்த்தும்போது தானாகப் புதுப்பிக்கப்படும், ஆனால் தொழிற்சாலையில் வைத்துவிட்டு வந்த கிளஸ்டரை யாரும் தொடுவதில்லை. ஒரு வருடம் கழித்து ஒரு காலையில் ஏபிஐ சர்வர் யாரோடும் பேச மறுக்கும். அது எப்படி இருக்கும், எப்படி மீட்பது என்று இங்கேயே பார்த்து, படிப்படியாக எழுதி, அச்செடுத்து அந்த அறைச் சுவரில் ஒட்டுங்கள்.

அப்படியானால் கிளவுடில் தேறிவிட்டால் நிஜ மெஷினிலும் தேறிவிடுமா?

மென்பொருள் பக்கம் பெரும்பாலும் ஆம். ரெய்டு கார்டு, நெட்வொர்க் கார்டின் டிரைவர், பயாஸ் அமைப்பு, தொலைவில் இருந்து மெஷினை ஆன் செய்யும் பிஎம்சி, ஈரத்திலும் தேயிலைத் தூசியிலும் விசிறி எத்தனை நாள் தாங்கும் என்பதெல்லாம் விஎம்-இல் தெரியாது. பிஎம்சி பேச்சை மட்டும், மேலே சொன்ன கேவிஎம் வழியில், விர்ச்சுவல்-பிஎம்சி அல்லது சுஷி கருவிகளால் ஓரளவு பாவனை செய்யலாம். மற்றதற்கு மெஷினோடு அந்த அறையில் இரண்டு நாள் உட்காருவது ஒன்றே வழி, நான் உட்காருகிறேன்.

பில் எகிறாமல் இருக்க?

மாலையில் அழித்துவிட்டு காலையில் திரும்பக் கட்டுங்கள். எல்லாம் கோப்பில் இருந்தால் முக்கால் மணி நேர வேலை. நிறுத்தி வைத்தால் போதும் என்று நினைக்காதீர்கள், விஎம் நின்றாலும் டிஸ்க்குக்கும் பொது ஐபி-க்கும் கணக்கு ஓடும். ஏடபிள்யூஎஸ் 2024 பிப்ரவரியில் இருந்து ஒவ்வொரு பொது ஐபிவி4 முகவரிக்கும் மணிக்கு 0.005 டாலர் எடுக்கிறது, பயன்பாட்டில் இருந்தாலும் இல்லாவிட்டாலும். அதனால் நிர்வாக விஎம் ஒன்றுக்கு மட்டும் பொது ஐபி கொடுத்து மற்ற எல்லாவற்றையும் உள்ளேயே வையுங்கள். அழித்த பிறகும் ஒரு முறை டிஸ்க், ஸ்னாப்ஷாட், நேட் கேட்வே என்று பெயர் பெயராகத் திறந்து பாருங்கள். டெராஃபார்முக்கு வெளியே உண்டானவை அதன் கணக்கில் இருக்காது, அவைதான் பின்தங்கிக் கிடக்கும்.